ஒரே கப்பல், ஒரே குடும்பம், நடுவில் ஒரு கதவு: சூட் எடுத்தவர் கூப்பிட்டாலும் சொந்தக்காரர் ஏன் உள்ளே போக முடிவதில்லை

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குக் குரூஸ் இப்போது புதுசில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கொர்டீலியா கப்பல் கிளம்ப ஆரம்பித்தபின், அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு அப்பா அம்மாவைக் கடலில் நாலு நாள் கூட்டிக்கொண்டு போய் வருவது என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கேட்கவே வேண்டாம். திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறி, பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டு, மரினா பே குரூஸ் சென்டரில் கப்பலும் ஏறிவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். இப்படிக் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ டிராவல்ஸ்காரர் முன்னால் உட்கார்ந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அப்பா அம்மாவுக்கு மட்டும் சூட் போட்டுருவோம், நாங்க சாதா கேபின்ல இருந்துக்கிடுதோம், அவங்க லவுஞ்சுக்கு நாங்களும் போய் உக்காந்துக்கிடலாம்லா?"

முடியாது. சில விலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன், ஆனால் பெரும்பாலான பெரிய கப்பல்களில் பதில் இதுதான். டிராவல்ஸ்காரர் அநேகமாக இதை இவ்வளவு பட்டென்று சொல்லமாட்டார், "அங்க போய்க் கேட்டுக்கிடலாம் அண்ணாச்சி" என்பார். அங்கே போய்க் கேட்டால் என்ன ஆகும், ஏன் அப்படி ஆகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்குள் போவதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். சூட் என்றால் பெரிய அறை, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது பழைய கதை. இன்றைக்குப் பெரிய கப்பல்களில் மேல் தளங்களில் ஒரு பகுதியையே தடுத்து, அதற்குள் தனிச் சாப்பாட்டுக்கூடம், தனி நீச்சல்குளம், வெயில் காய நாற்காலி போட்ட மாடி, மாலையில் இலவசமாகக் குடிக்கவும் கொறிக்கவும் தருகிற லவுஞ்ச், எதைக் கேட்டாலும் ஏற்பாடு செய்ய ஒரு மேசை, அறைக்காரருக்கு வேண்டியதைச் செய்ய பட்லர் என்ற பணியாள் என்று ஒரு தனிக் குடியிருப்பையே கட்டிவிடுகிறார்கள். எம்எஸ்சி கம்பெனி 2008இல் ஃபன்டாசியா கப்பலோடு கொண்டுவந்த யாட் கிளப் இந்த வகையில் பேர்போனது. நார்வீஜியன் கம்பெனியில் இதற்கு ஹேவன் என்று பெயர். செலிப்ரிட்டியில் ரிட்ரீட், அதற்கென்று லுமினே என்ற சாப்பாட்டுக்கூடம். ராயல் கரீபியனில் சூட் லவுஞ்ச், கோஸ்டல் கிச்சன் என்ற சாப்பாட்டுக்கூடம், புதிய கப்பல்களில் சூட் ஆட்களுக்கென்று ஒரு பேட்டையே உண்டு. நம் ஆட்கள் அதிகம் ஏறுகிற சிங்கப்பூர்க் கப்பலான கென்டிங் ட்ரீமில் அது பேலஸ்.

சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்த கொர்டீலியா எம்ப்ரஸ் 1990இல் கட்டிய கப்பல். அந்தக் காலத்து வரைபடத்தில் இந்த மாதிரிக் கோட்டைக்குள் கோட்டை கிடையாது. அதனால் அதில் போய் வந்தவர்கள் "எங்களை யாரும் எங்கேயும் தடுக்கலையே" என்று சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் நிஜம்தான். அதே நம்பிக்கையில் அடுத்த வருடம் சிங்கப்பூர்க் கப்பலில் ஏறும்போதுதான் சிக்கல்.

கப்பலில் ஆளைப் பிரித்து உட்கார வைப்பது இன்று நேற்று வந்ததில்லை. நம் வ.உ.சி. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, மறு வருடம் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த காலியா, லாவோ கப்பல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஒன்றுக்கு முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரணப் பயணிகள் 1300 பேர், அதோடு 4000 மூட்டைச் சரக்கு என்பதுதான் அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு. சுதேசிக் கப்பல்தான், ஆனாலும் 1300 பேருக்கு ஓர் இடம், 42 பேருக்கு ஓர் இடம். அன்றைய உலகத்தில் கப்பல் என்றாலே அப்படித்தான். 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பு ஆட்களைப் பிரித்து வைத்த கதவுகளுக்குப் பின்னால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் கேட்ட நோய்த்தடுப்புக் கட்டாயமும் இருந்தது. பணக்காரத் திமிர் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்ததும் ஊர்விட்டு ஊர் போகக் கப்பல் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். மிச்சமிருந்த கப்பல் தொழில் சுற்றுலாப் பக்கம் திரும்பியது. ஊர் போய்ச் சேருவதற்காக ஏறுகிறவன் மூன்றாம் வகுப்பைப் பொறுத்துக்கொள்வான், சந்தோஷமாக இருக்க ஏறுகிறவன் பொறுப்பானா? அதனால் சுற்றுலாக் கப்பல்கள் வகுப்புகளைக் கைவிட்டன. அறை சின்னதோ பெரிதோ, வெளியே வந்துவிட்டால் ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே குளம், ஒரே நாடகக் கொட்டகை. ஜன்னலே இல்லாத உள் கேபின்காரரும் மேல்தள சூட்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சாப்பிட்டார்கள். கியூனார்ட் கம்பெனி மட்டும் பழைய வழக்கத்தை முழுதாக விடவில்லை. எந்த அறையோ அதற்கேற்ற சாப்பாட்டுக்கூடம் என்பதை வைத்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் குயின் மேரி 2 கப்பலில் குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில் என்று உண்டு, அந்த அறைக்காரர்களுக்குத்தான் அங்கே இலை.

ஒரே பந்தியாக இருந்த தொழில் மறுபடி பிரிந்ததற்குக் காரணம் கப்பலின் அளவு. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5610 பயணிகள். எல்லாக் கட்டிலும் நிரம்பினால் ஏழாயிரத்துக்கும் மேல். அவ்வளவு பெரிய கப்பலில்தான் சறுக்குமரமும் பனிச்சறுக்குக் களமும் பிள்ளைகளுக்கான விளையாட்டும் வைக்க முடியும். ஆனால் அங்கே காலை ஒன்பது மணிக்குக் குளத்தங்கரையில் நாற்காலி கிடைக்காது, தோசைக்கல் முன்னால் வரிசை, லிஃப்ட் முன்னால் வரிசை. கையில் காசுள்ள தாத்தா பாட்டி இதைப் பார்த்துவிட்டு, சில நூறு பேர் மட்டும் போகிற சின்ன சொகுசுக் கப்பலுக்குப் போய்விடுவார்கள். சில்வர்சீ, ரீஜென்ட் மாதிரிக் கம்பெனிகளில் எல்லா அறையும் சூட்தான், அதனால் இந்தக் கதவுப் பிரச்சினையே அங்கே கிடையாது. ஆனால் அங்கே பேரப்பிள்ளைகளுக்கு விளையாட ஒன்றும் இருக்காது. பிள்ளைகளுக்குச் சறுக்குமரமும் வேண்டும், பெரியவர்களுக்குச் சந்தடியில்லாத மூலையும் வேண்டும் என்கிற குடும்பத்தைப் பிடித்து வைக்கத்தான் கப்பலுக்குள் கப்பல் என்ற ஏற்பாடு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? மூன்று தலைமுறை சேர்ந்து வருகிற குடும்பத்துக்காகவே யோசித்த சரக்கு, அந்தக் குடும்பத்தையே சாப்பாட்டு நேரத்தில் இரண்டாக வெட்டுகிறது.

ஏன் வெட்டுகிறது என்பதற்குக் கம்பெனிகள் சொல்கிற காரணம் தனிமை, அமைதி, உயர்ரகச் சேவை என்று அழகாக இருக்கும். அசல் காரணம் நாற்காலி. கென்டிங் ட்ரீமில் அறைக்கு இரண்டு பேர் வீதம் 3352 பயணிகள். பேலஸ் அறைகளோ சுமார் 140தான். அறைக்கு இரண்டு பேர் என்றால் 280 பேர், பிள்ளைகளைச் சேர்த்தால் கொஞ்சம் கூட. அந்த ஆட்களைக் கணக்கில் வைத்துத்தான் மேசை, குளத்தங்கரைச் சாய்வு நாற்காலி, சமையல் ஆள், பரிமாறுகிற ஆள் எல்லாம். இப்போது ஒவ்வொரு அறைக்காரரும் "எங்க வீட்டு ஆட்கள் ரெண்டே ரெண்டு பேர்தான்" என்று கூட்டிவந்தால் 280 என்பது 560 ஆகிவிடும். கேட்கிறவருக்கு அது இரண்டு பேர், வாசலில் நிற்பவருக்கு அது 280 பேர். இந்தக் கணக்கை நம்மால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை, ஏனென்றால் நமக்கு நம் வீட்டு இரண்டு பேரைத்தான் தெரியும்.

சூட்டுக்குள் இருப்பவர்கள் சாதா கேபினைப்போலப் பல மடங்கு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கியதில் பெரும் பங்கு அறையின் அளவோ பட்லரோ இல்லை, காலியாகக் கிடக்கிற நாற்காலிதான். காலையில் பத்து மணிக்கு எழுந்து போனாலும் குளத்தங்கரையில் இடம் இருக்க வேண்டும். பாதி காலியாகக் கிடக்கிற லவுஞ்சை வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு "இவ்வளவு இடம் சும்மாதானே கெடக்கு, ரெண்டு பேரு உக்காந்தா என்னவே குறைஞ்சுபோகும்" என்று தோன்றும். அந்தச் சும்மா கிடப்பதைத்தான் அங்கே விற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் போகிற நாம், முதல் வகுப்பு ஏசியில் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போவதில்லையா, அதுபோலத்தானே இதுவும் என்று கேட்பார்கள். ரயிலில் டிடிஇ வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம், வந்தால் எழுந்து போய்விடலாம். கப்பலில் கதவே டிடிஇ.

அந்தக் கதவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கப்பலில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு தருகிறார்கள், சில கம்பெனிகளில் கைப்பட்டை, பிரின்சஸ் கப்பல்களில் மெடாலியன் என்று ஒரு வில்லை. அறைச் சாவியும் அதுதான், பர்ஸும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏற அடையாள அட்டையும் அதுதான். சூட் பகுதியின் கதவுப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு, க்ளிக் என்று ஒரு சத்தம், கதவு திறக்கும். உங்கள் அறை எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சிவப்பு. சில கப்பல்களில் அந்தத் தளத்துக்குப் போகும் லிஃப்டே கார்டு காட்டினால்தான் நகரும். ராயல் கரீபியன் ஆசியாவுக்கென்று 2019இல் இறக்கிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸில் சூட் பகுதிக்கு அப்படித்தான். கதவைத் தாண்டினாலும் லவுஞ்ச் வாசலில் ஒருவர் நின்று வணக்கம் சொல்வார்; இரண்டாம் நாளைக்கு அவருக்கு எல்லா முகமும் மனப்பாடம். ஆச்சியின் கார்டை வாங்கிக்கொண்டு பேரன் போய்ப் பார்க்கலாம் என்றால், கார்டைத் தட்டுகிற இடங்களில் ஏறும்போது எடுத்த படம் அந்தப் பக்கத்துத் திரையில் வருவது வழக்கம். எழுபது வயது முகத்துக்குப் பதிலாக இருபது வயதுப் பையன் நின்றால் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார்கள், ஆனால் அந்தப் பேச்சு கார்டுக்காரரின் பெயரில் குறிப்பாக ஏறினாலும் ஏறும். அடுத்தவர் கார்டைப் பயன்படுத்துவது பயண ஒப்பந்தத்துக்கே விரோதம், யார் கப்பலில் இருக்கிறார் யார் இறங்கினார் என்ற பாதுகாப்புக் கணக்கும் அந்தக் கார்டில்தான் ஓடுகிறது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

எங்கள் சொந்தத்தில் ஓர் அத்தானுக்கு அறுபது முடிந்து இப்படித்தான் போனார்கள். அவருக்கும் அக்காளுக்கும் சூட், மகன் மருமகள் மகள் மருமகன் எல்லோரும் கீழே நாலு தளம் தள்ளி. முதல் நாள் காலையில் அக்காள் சூட் ஆட்களின் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் வரட்டும் என்று இலையைத் தொடாமல், அதாவது தட்டைத் தொடாமல், முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று போன் போட்டுக்கொண்டிருந்தார்கள், கப்பல் வைஃபைக்குக் காசு கட்டாததால் போன் போகவில்லை. கடைசியில் பரிமாறுகிற பையன்தான் வெளியே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். அக்காள் எழுந்து கீழே போய் எல்லோரோடும் சாப்பிட்டாள், மீதி நாட்களும் அப்படித்தான். அத்தான் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "கொடுத்த காசுக்கு நான் இங்கதான் சாப்பிடுவேன்" என்று தனியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தார். சூட்டுக்குக் கட்டிய பணம் மொத்தமும் அவர் ஒருத்தருடைய காலைச் சாப்பாட்டுக்கு ஆனது என்று மருமகன் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

அக்காள் செய்ததைச் செய்யத் தடையே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். சூட்காரர் கப்பலில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி வந்து உட்காரலாம். பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் குடும்பத்தோடு ஒரே மேசை கேட்டால் போட்டுத் தருவார்கள். மேலே ஏறிப் போவதற்குத்தான் கதவு.

சரி, விலக்குகள். சூட் எடுக்காதவர்கள் ஒருவருமே அந்தப் பக்கம் போவதில்லையா என்றால் போகிறார்கள். ராயல் கரீபியனில் 700 புள்ளி சேர்த்தவரைப் பினாக்கிள் என்பார்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி, சூட்டில் போனால் இரண்டு, அறையில் தனியாளாகப் போனாலும் கூடுதல் உண்டு. அந்த அளவுக்குக் கப்பலிலேயே குடியிருந்தவர் சாதா கேபின் எடுத்திருந்தாலும் சூட் லவுஞ்சில் வந்து உட்காரலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதே கம்பெனியில் ஜூனியர் சூட் என்று ஒரு நடுத்தர வகை உண்டு. ராச்சாப்பாட்டுக்குக் கோஸ்டல் கிச்சன் போகலாம், லவுஞ்சுக்குப் போக முடியாது. "சூட்" என்ற பெயரைப் பார்த்து எடுத்துவிட்டு லவுஞ்ச் வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. கார்னிவல் கம்பெனியில் 2021இல் வந்த மார்டி கிரா கப்பலில் லாஃப்ட் 19 என்று ஒரு மேல்மாடி இடம். எக்செல் என்ற வகை சூட் எடுத்தவர்களுக்கு இலவசம், இடமிருந்தால் மற்றவர்கள் காசு கட்டிப் போகலாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உயர்ரகம், அமைதி, அந்தஸ்து என்பதெல்லாம் விளம்பரத்தோடு சரி. நிறைய வருடம் காசு கட்டியவருக்கும், இன்றைக்கே காசு கட்டுகிறவருக்கும் ஏதோ ஓர் அளவில் கதவு திறக்கிறது. காசே கட்டாமல், சொந்தக்காரர் என்ற உரிமையில் வருகிறவருக்குத்தான் திறப்பதில்லை. எனக்கு இதில் கோபம் இல்லை, வியாபாரம் அப்படித்தான் இருக்கும். விருந்தோம்பல் மொழியில் அதைப் பேசும்போதுதான் எரிச்சலாக வருகிறது. அறையை விற்கும்போது "உங்கள் வீடு மாதிரி" என்கிறார்கள், வீடு என்றால் வந்தவரை உள்ளே கூப்பிட முடிய வேண்டாமா.

அறை என்றதும் இன்னொரு குழப்பம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொது இடங்களை விடுங்கள், சூட்டுக்குள்ளேயே, அந்த அறையிலேயே, பிள்ளைகள் வந்து உட்காரலாமா? பொதுவாக உங்கள் அறைக்கு நீங்கள் யாரையும் கூப்பிடலாம், அதற்குக் கம்பெனிகள் தடை சொல்வதில்லை. சூட் சாதாரண நடைபாதையில் இருந்தால் பிரச்சினையே கிடையாது, நேராக வந்து கதவைத் தட்டலாம். ஆனால் ஹேவன், யாட் கிளப் மாதிரி இடங்களில் பல சூட்டுகள் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கின்றன. அறை உங்களுடையது, அறைக்குப் போகிற பாதை அவர்களுடையது. அந்த மாதிரி இடத்தில் நீங்களே வந்து அழைத்துப் போக வேண்டுமா, பட்லரிடம் சொல்ல வேண்டுமா, விடவே மாட்டார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது. பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்து, ராத்திரி மகனோ மகளோ போய்ப் பார்க்க வேண்டிய நிலை இருந்தால் இதை டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். போனில் "பாத்துக்கிடலாம்" என்று சொன்னது கப்பலில் செல்லாது.

வாசலில் நிற்கும் ஆளிடம் கெஞ்சிப் பார்க்கலாமே என்பது நம் ஊர்ப் புத்தி. கப்பல் வேலைக்குத் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போகிற பையன்கள் நிறைய, அதனால் நின்று பேசினால் நம் ஊர்ப் பேச்சும் அகப்பட்டுவிடும். "ஏல நம்ம பக்கத்துப் பையனா நீ" என்று ஆரம்பித்து, ஒரே ஒரு காப்பிக்கு உள்ளே விடச் சொல்லிக் கேட்பார்கள். அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். பயணம் முடிந்ததும் பயணிகளிடம் கருத்துக் கேட்டு மார்க் வாங்குகிறார்கள், ஊழியரின் அடுத்த ஒப்பந்தத்துக்கு அந்த மார்க்கும் பார்க்கப்படுகிறது. இல்லை என்றால் நீங்கள் குறைப்படுவீர்கள், சரி என்றால் உள்ளே இருக்கும் ஒருவர் "வெளியாட்களை விடுகிறார்கள்" என்று எழுதுவார். இரண்டிலும் மாட்டிக்கொள்வது அவன்தான். கூட்டமில்லாத நாளில், கப்பல் துறைமுகத்தில் நின்று எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிட்ட நேரத்தில், மேலாளராகப் பார்த்து ஒரு சுற்றுக் காட்டிவிட்டு அனுப்புவது நடக்கிற விஷயம்தான். அவர்களாகச் செய்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் நச்சரிக்கக் கூடாது.

பிள்ளைகள் இன்னொரு தலைவலி. சூட் பகுதிக் குளத்துக்குச் சூட்டில் பெயருள்ள பிள்ளைகள் போகலாம். அந்தப் பிள்ளை கீழே விளையாட்டு அறையில் நாலு பேரைச் சிநேகம் பிடித்து, மறுநாள் அந்த நாலு பேரையும் "எங்க குளத்துக்கு வாங்கடா" என்று கூட்டி வரும். பெரியவர்களைத் தடுக்கிற அதே கதவு அவர்களையும் தடுக்கும், அழுகை வேறு. பெற்றோர் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

இதற்கெல்லாம் ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது, டிராவல்ஸ் கடைகளில் அதிகம் பேர் கேட்பதில்லை. உள்ளே போகும் உரிமை அந்த அறையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு. பல சூட்டுகளில் மூன்று, நான்கு பேர்வரை பெயர் போடலாம், சில பெரிய சூட்டுகளில் அதற்கு மேலும். குரூஸ் கட்டணத்தில் அறையின் முதல் இரண்டு பேருக்குத்தான் முழு விலை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் நன்றாகக் குறைத்துத்தான் போடுகிறார்கள். எனவே அப்பா அம்மாவோடு ஒரு பேத்தியையோ, அவர்களைப் பார்த்துக்கொள்கிற மகளையோ சூட்டிலேயே சேர்த்துவிட்டால் அந்த ஆள் எந்தக் கதவுக்கும் அஞ்ச வேண்டாம், கார்டு எல்லா இடத்திலும் பச்சை. படுக்கை சோபாவாக இருக்கும், பரவாயில்லை. கண் சரியாகத் தெரியாத, சர்க்கரை மாத்திரையை மறக்கிற ஆச்சி தாத்தாவைத் தனியாக மேல்தளத்தில் விடுவதற்கு இது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் கவனம், அறையில் கட்டில் இருந்தாலும் அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடம் நிரம்பிவிட்டால் மூன்றாவது ஆளைச் சேர்க்கமாட்டார்கள், ஆகவே கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது.

குடும்பம் முழுவதும் சேர்ந்திருப்பதுதான் முக்கியம் என்றால் நான் சூட்டே வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் பால்கனி கேபின்களாகப் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நாலைப் பிடியுங்கள். பல கப்பல்களில் பால்கனிகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்புப் பலகையைத் திறந்துவிடலாம், அறையைச் சுத்தம் செய்ய வருகிற ஸ்டூவர்டிடம் சொன்னால் ஒரு திருகு சாவியைப் போட்டுத் திறந்து மடக்கி வைத்துவிட்டுப் போவார். நாலு கேபின் பால்கனியும் சேர்ந்தால் கடலைப் பார்த்தபடி நீளமாக ஒரு திண்ணை கிடைக்கும், சீட்டும் ஆடலாம், முறுக்கும் கொறிக்கலாம். எல்லாக் கப்பலிலும், எல்லாத் தளத்திலும் அந்தப் பலகை திறக்காது. ஆகவே அறை எண்ணோடு கேட்டு, திறக்கும் என்று பதில் வந்தபிறகு முன்பணம் கட்டுங்கள்.